வேலையில் சேர்ந்த மறுநாள்

மாற்றுத்திறனாளி இளைஞர்களின் வேலைவாய்ப்பு என்று இந்த அறக்கட்டளையின் ஆண்டு நிகழ்ச்சி அழைப்பிதழில் பொதுவாகப் போட்டிருக்கிறார்கள். அது பெரிய தலைப்பு. அதிலிருந்து ஒரே ஒரு பகுதியைத்தான் இன்று எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

நம் ஊரில் இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறது. சான்றிதழ் கொடுக்க அலுவலகம் இருக்கிறது. சிறப்பு முகாம் போட்டு, மேடையில் நிறுத்தி, பணி ஆணை கொடுத்துப் படம் எடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. வேலையில் சேர்ந்த மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிற்பதற்கு மட்டும் ஆள் இல்லை. என் பேச்சு முழுவதும் அந்த ஒரு ஆளைப் பற்றியதுதான்.

நான் சிறப்புப் பள்ளி ஆசிரியையாகத் தொடங்கியவள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள், ஆட்டிசம் உள்ளவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோரோடுதான் என் வேலை. பள்ளி இருக்கும்வரை குடும்பத்துக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கும். காலையில் வேன் வரும், மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும், சாயங்காலம் பிள்ளை திரும்பி வரும். பதினெட்டு வயது முடிந்ததும் அந்த வேன் நின்றுவிடுகிறது. அதுவரை பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, படம் வரைதல் என்று பத்துப் பேர் சுற்றி நின்ற பிள்ளை, மறுநாளிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆறு மாதத்தில் கற்றதெல்லாம் தேய ஆரம்பிக்கும். அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கப்புறம் இவன யாரு டீச்சர் பாத்துக்குவா?" நம் நிகழ்ச்சிகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டு, அடுத்த உருப்படிக்குப் போய்விடுகிறோம். இதற்கு விடை சொல்வதில் பாதி வேலை, அந்தப் பிள்ளை ஒரு இடத்தில் சம்பளம் வாங்குகிற ஆளாக இருப்பதுதான். சம்பளம் சிறியதாக இருக்கலாம். ஆனால் தினமும் அவனை எதிர்பார்க்கிற நாலு பேர் வீட்டுக்கு வெளியே இருப்பார்கள். ஒரு நாள் அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு முதலாளி இருப்பார். அம்மாவுக்குப் பிறகு தேவைப்படுவது அந்தக் கேள்விதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டத்தில் பெரிய குறை இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 4 ஆக்கியது. 2017 ஏப்ரல் 19ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. பார்வை, செவி, கை கால் என்று இருந்த ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் முதல்முறையாக இடம் கொடுத்தது. எந்தெந்தப் பணிகள் யாருக்கு ஏற்றவை என்று மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் 3,566 பணிகள் இருந்தன. ஆனால் அந்தப் பணிகளுக்கு வழி போட்டித் தேர்வு. எழுத்துத் தேர்வில்தான் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை தோற்கும். அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுப்பதிலோ, தபால் பிரிப்பதிலோ, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதிலோ அது தோற்காது. அதனால் என் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேலை தரக்கூடியவர்கள் கடைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், சிறு தொழில் செய்கிறவர்கள். திருச்சியிலும் திருவரங்கத்திலும் அவர்களுக்குக் குறைவே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.79 லட்சம் பேர். இந்தியா முழுவதும் 2.68 கோடி. அவர்களில் ஏதோ ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 விழுக்காடு. ஆண்களில் 47, பெண்களில் 23. பதினைந்து ஆண்டுப் பழைய கணக்கு இது. அந்த 23 என்ற எண்ணைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளையாக இருந்து, குறைபாடும் இருந்தால், வீடு முதலில் சொல்வது "வெளியில அனுப்ப வேண்டாம்" என்பதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பயிற்சி முறை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பிள்ளை முதலில் தயாராக வேண்டும், பிறகு வேலைக்குப் போக வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் சிறப்புப் பள்ளிகளில் தொழிற்பயிற்சிப் பிரிவு வைக்கிறோம். பேப்பர் கவர் ஒட்டுவது, மெழுகுவத்தி வார்ப்பது, பினாயில் கலப்பது, மிதியடி பின்னுவது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோதும், பிறகு மஞ்சப்பை இயக்கம் வந்தபோதும் பைகளுக்குக் கொஞ்சம் கிராக்கி வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவுகளில் நான் கண்டது என்னவென்றால், பதினெட்டு வயதில் கவர் ஒட்ட உட்கார்ந்த பையன் முப்பது வயதிலும் அதே பெஞ்சில் தயாராகிக்கொண்டே இருக்கிறான். தயாராகிவிட்டான் என்று சொல்கிற நாள் வருவதே இல்லை. ஏனென்றால் கவர் ஒட்டத் தெரிவதற்கும் சின்னக்கடை வீதியில் ஒரு கடையில் நிற்கத் தெரிவதற்கும் சம்பந்தம் குறைவு. அறிவுசார் குறைபாட்டின் ஒரு முக்கியமான கூறு, ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தானாக எடுத்துப் போக முடியாமை. பள்ளியில் துடைத்த மேசையை ஓட்டலில் துடைக்கச் சொன்னால் அது அவனுக்குப் புதுப் பாடம். அப்படியானால் பாடத்தை ஓட்டலிலேயே நடத்திவிட வேண்டியதுதானே?

இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் மார்க் கோல்டு என்ற ஆசிரியர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, பதினைந்து உதிரிகள் கொண்ட ஒரு சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. அவர் செய்தது இரண்டு காரியங்கள். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு உதிரியிலும் எந்தப் பக்கம் கற்பவரைப் பார்த்து இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு வண்ணம் பூசினார். கற்க முடியாதவர்கள் என்று எழுதிவைக்கப்பட்டவர்கள் பிரேக் பூட்டினார்கள். ஒரு வழியில் கற்கவில்லையென்றால் ஆசிரியர் இன்னொரு வழியைத் தேட வேண்டும் என்பதுதான் அவர் கொள்கை. அதன்பின் 1980களில் வர்ஜீனியாவில் பால் வேமன் போன்றவர்கள் அடுத்த அடியை வைத்தார்கள்: வரிசையையே மாற்றினார்கள். முதலில் வேலையில் சேர்ப்பது, அங்கேயே பயிற்சி, கூடவே ஜாப் கோச் எனப்படும் ஒரு பயிற்றுநர், பிறகு அவர் மெல்ல மெல்ல விலகுவது. 1986இல் அமெரிக்கச் சட்டம் இந்த முறையை ஏற்று அதற்கு நிதி ஒதுக்கியது. ஜப்பான் 2002இலிருந்து இப்படிப்பட்ட பயிற்றுநர்களை முறைப்படி ஏற்படுத்தியிருக்கிறது. அங்கேயும் அவர்களுக்கு ஜாப் கோச் என்றே பெயர். பெங்களூரில் 1999இல் தொடங்கிய எனேபிள் இந்தியா இந்த வழியில் பலருக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறது.

ஜப்பான் என்றதும் ஒரு சாக்பீஸ் கம்பெனியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நிஹோன் ரிககாகு கோக்யோ என்று பெயர், கவாசாகி நகரில் இருக்கிறது. 1959இல் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் அந்தக் கம்பெனிப் படியேறி, தம் மாணவிகளுக்கு வேலை கேட்டார். முடியாது என்றார்கள். மறுபடியும் போனார். கடைசியில், வேலை தராவிட்டாலும் பரவாயில்லை, வேலை என்றால் என்னவென்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று கேட்டு, இரண்டு பெண்களை இரண்டு வாரத்துக்கு மட்டும் அனுப்பினார். இரண்டு வாரம் முடிந்தபோது கூட வேலை செய்தவர்களே முதலாளியிடம் போய், இவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 1960இல் அந்த இருவரும் சேர்ந்தார்கள். இன்று அங்கே வேலை செய்பவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்.

அங்கே எடை போடும் முறையைப் பாருங்கள். எண்ணும் கிராமும் படிக்க வராதவர்கள் பலர். ஆகவே மூலப்பொருள் வைத்திருக்கும் வாளிக்குச் சிவப்பு மூடி என்றால், அதற்குரிய எடைக்கல்லும் சிவப்பு. சிவப்புக் கல்லைத் தராசில் வைத்து, சிவப்பு வாளியிலிருந்து எடுத்து, தட்டு சமமாகும்வரை போட வேண்டும். நீலத்துக்கு நீலம். கடிகாரம் பார்க்க வராதவர்களுக்கு மணற்கடிகை: மணல் இறங்கி முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்து. தவறே வராது. தொழிலாளி மாறவில்லை, தராசு மாறியது. நம் 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேலை கொடுப்பவரிடம் கேட்கிற நியாயமான வசதி என்பது இதுதான்.

இது ஜப்பானில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். திருவரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வீட்டின் பின்கட்டில் சாம்பார்ப் பொடி, புளியோதரைப் பொடி, வடாம் செய்து விற்கிற குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். அப்படி ஓர் இடத்தில் பாக்கெட் போடும் வேலைக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துப் போனேன். அந்த அம்மாள் நல்லவர். என்னைத் தனியே கூப்பிட்டு, "டீச்சர், மாசம் ஆயிரம் ரூவா நான் அந்தப் பொண்ணுக்குக் குடுத்திடறேன். வேலைக்கு மட்டும் வேண்டாம். மிஷின்ல கைய சுட்டுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். நம் ஊரின் இரக்கம் அப்படிப்பட்டது. கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், இடத்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். பணம் வேண்டாம்மா, பத்து நாள் நான் கூடவே இருக்கிறேன், பிடிக்காவிட்டால் பதினோராம் நாள் நானே அழைத்துக்கொண்டு போகிறேன் என்றேன். சம்மதித்தார்.

முதல் சிக்கல் எடை. மின் தராசில் 200 வர வேண்டும். அவளுக்கு எண்கள் முழுதாகப் பிடிபடாது, 197க்கும் 200க்கும் வித்தியாசம் தெரியாது. ஓர் அட்டையில் 200 என்று பெரிதாக எழுதித் தராசின் பக்கத்தில் ஒட்டினோம். இந்த உருவமும் அந்த உருவமும் ஒன்றாக இருந்தால் நிறுத்து. அதற்கும் முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தலை தட்டினால் ஏறக்குறைய 200 கிராம் வரும் இடத்தில் கோடு கீறினோம். டம்ளரால் அள்ளிப் போட்டபின் ஸ்பூனால் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது சீல் போடும் மிஷின். அதில் சிவப்பு விளக்கு அணைந்தபின்தான் தூக்க வேண்டும். அவள் எரியும்போதே தூக்கிவிடுவாள், ஒட்டு பிரிந்துவிடும். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. அவள் கைமேல் என் கையை வைத்து விளக்கு அணையும்வரை அழுத்திக்கொண்டேன். இருபது முப்பது பாக்கெட்டுக்குப் பிறகு என் கையை அவள் மணிக்கட்டுக்கு நகர்த்தினேன், அப்புறம் முழங்கைக்கு, அப்புறம் தோளுக்கு. நான்காம் நாள் கையை எடுத்துவிட்டேன். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் படிப்படியாக விலகுவது என்று சொல்வதை அந்த நான்கு நாளில் கண்ணால் பார்க்கலாம்.

மெஷினையும் தராசையும் விடப் பெரிய பாடம் பஸ். அவள் வீடு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். 1ஆம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருவரங்கத்தில் இறங்க வேண்டும். 2021இலிருந்து மகளிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் சில்லறைத் தொல்லை இல்லை. ஆனால் பஸ்ஸை அடையாளம் காண வேண்டும், கூட்டத்தில் ஏற வேண்டும், இடம் பார்த்து இறங்க வேண்டும், யாராவது தொட்டால் கத்த வேண்டும். கடைசியைக் கற்றுத்தர எந்தப் பாடத்திட்டத்திலும் இடம் இல்லை. அதை நானும் அவள் அம்மாவும் சேர்ந்து வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் அம்மா பக்கத்து சீட்டில். பிறகு இரண்டு சீட் பின்னால். பிறகு அடுத்த பஸ்ஸில். அந்த அடுத்த பஸ்ஸில் வந்த நாட்களில் அந்த அம்மா பட்ட பாட்டை நான் பார்த்தேன். பொடிக்காரம்மா இரண்டாம் மாதம் சொன்னது: "இவ வந்ததுக்கப்புறம் ஒரு பாக்கெட்டு எடை கொறஞ்சுதுன்னு புகார் வரல டீச்சர்." ஆயிரம் ரூபாய் தானம் தர முன்வந்த அதே அம்மாள், இப்போது அவளுக்கு மற்றவர்களுக்குத் தரும் சம்பளத்தையே தருகிறார்.

இதை ஒரு வீட்டின் கதையாகச் சொல்லவில்லை. திருவரங்கத்தில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் ஏராளம். அவர்களுக்கு மூன்று வேளையும் கேரியரில் சாப்பாடு போகிறது. தெருவுக்குத் தெரு மெஸ். யாத்திரிகர்களுக்கு விடுதிகள், அவற்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை, சலவை. வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் வேலைக்கு ஆள் தேடி அலைகிறார்கள். அதே வீதியில் பிறந்து வளர்ந்து, வீதி முழுவதும் பெயர் தெரிந்த ஒரு டவுன் சிண்ட்ரோம் பையன், அதே வீதியில் பத்து வீட்டுக்குக் கேரியர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாதா? முடியும். பஸ் ஏற வேண்டியதுகூட இல்லை. எந்த வீட்டுக்கு எந்தக் கேரியர் என்று ஒரு வண்ண நாடா கட்டித் தர வேண்டும், முதல் இரண்டு வாரம் கூட நடக்க வேண்டும்.

திருவரங்கத் தீவிலிருந்து காவிரியின் இக்கரைக்கு வருவோம். திருச்சி என்றால் பெல் ஆலையும் அதைச் சுற்றிய பட்டறைகளும். இந்த ஊரில் பார்வையற்றோர் மறுவாழ்வுக்கான ஆர்பிட் என்ற அமைப்பு, பார்வையற்ற தொழிலாளர்களைக் கொண்டே பெல்லுக்கு வேண்டிய இயந்திர உதிரிகளைச் செய்து கொடுத்து வந்திருக்கிறது. கண் தெரியாதவர் துளையிடும் இயந்திரத்தில் நிற்பதா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரே அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது. இரும்பை அளக்கக் கண் வேண்டியதில்லை, அதற்கென்று செய்த அளவுச் சட்டம் போதும், விரல் பார்த்துக்கொள்ளும். நான் கவலைப்படுவது வேறு. ஒரே ஒரு பெரிய ஆலையின் ஆர்டரை நம்பிய பட்டறைகள், மின் துறை ஆர்டர் சுருங்கியபோது திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் எப்படித் தள்ளாடின என்று நாம் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகளை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து வேலை கொடுக்கும் ஏற்பாடு, அந்தக் கூரை ஆடும்போது எல்லோரையும் சேர்த்து ஆட்டிவிடும். ஐம்பது பேர் ஒரே இடத்தில் இருப்பதைவிட ஐம்பது பட்டறையில் ஒருவர் ஒருவராக இருப்பது பத்திரம். ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை தொடக்க காலம் முதலே காது கேளாதவர்களையும் கை கால் குறைபாடு உள்ளவர்களையும் மற்றவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வைத்தது. அந்த வழியைத்தான் நான் விரும்புகிறேன்.

துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட். காது கேளாத இரண்டு பையன்கள் வெல்டராகச் சேர்ந்தார்கள். ஐடிஐ படித்தவர்கள், கை நேர்த்தி. மூன்றாம் மாதம் ஒருவன் நின்றுவிட்டான். முதலாளிக்குக் கோபம்: "நல்லாத்தான் டீச்சர் வேலை பாத்தான், சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டான்." பையனை வீட்டில் போய்ப் பார்த்து, சைகை தெரிந்த ஆளை வைத்துக் கேட்டபோது தெரிந்தது. ஷிப்ட் நேரம் மாறியதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறான். எதற்குத் திட்டு என்றும் தெரியவில்லை. டீ நேரத்தில் எல்லோரும் சிரிக்கும்போது தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். வேலை தெரியாமல் அவன் போகவில்லை, பேச ஆளில்லாமல் போனான். சரிசெய்ய என்ன ஆயிற்று? நேர மாற்றம் எழுத ஒரு போர்டு. கிரேன் நகரும்போது ஹாரனோடு சேர்ந்து சுழல்கிற ஒரு விளக்கு. சைகையில் நாற்பது ஐம்பது சொற்கள் கற்க முன்வந்த ஒரு ஃபிட்டர் அண்ணன். சிக்கல் வந்தால் வாட்ஸ்அப் வீடியோ காலில் சைகை மொழிபெயர்ப்புக்கு ஓர் எண். நின்றுபோனவன் திரும்ப வந்தான். மூன்றாம் மாதம் வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்ததுதான் பிழை, முதல் வாரமே ஒருவர் போயிருந்தால் நிற்கவே மாட்டான்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என்.எஸ்.பி. ரோட்டிலும் பெரிய கடை வீதியிலும் இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எத்தனை! 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தப் பணி, என்ன வசதி என்று சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட வேண்டும், அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரை வைக்க வேண்டும். வேலை கொடுப்பவருக்கு ஊக்கமும் உண்டு: மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் மாற்றுத்திறனாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுக்கு அரசே கட்டும் திட்டத்தை மத்திய அரசு 2008இல் கொண்டுவந்தது. நான் பேசிய கடைக்காரர்கள் எவரும் இந்த இரண்டையும் கேள்விப்பட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் போய்ச் சொல்லவில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்று. நாள் முழுக்க நின்று கால் வீங்கிய விற்பனைப் பெண்களுக்காக வந்த சட்டம் அது. ஆனால் ஒரு காலில் பலம் குறைந்த என் பழைய மாணவி ஒருத்தி பில் போடும் இடத்துக்கு விண்ணப்பித்தபோது, நாற்காலி கேட்டுக் கெஞ்ச வேண்டிய நிலை அவளுக்கு இல்லை. எல்லோருக்கும் என்று செய்யும் நல்லது இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் உதவுகிறது!

மனநோயிலிருந்து மீண்டு வரும் இளைஞர்களைப் பற்றிப் பேச இன்று நேரம் போதாது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் போன்ற இடங்களில் மருந்தோடு வேலையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அவர்களுக்கும் வேலை தேடித்தருவதைவிட, வேலையில் தடுமாறும் வாரத்தில் கூட இருப்பதுதான் பெரிது. இதைத் தனியாக ஒருவர் அடுத்த ஆண்டு பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்கள் மனதில் ஓர் அச்சம் இருக்கிறது, அதை மேடையில் சொல்லியாக வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். வேலைக்குப் போனால் அது நின்றுவிடுமோ, நின்ற பிறகு வேலையும் போனால் மறுபடி வாங்க முடியுமோ என்று கேட்கிறார்கள். உறுதியாகக் கிடைக்கும் இரண்டாயிரத்துக்காக உறுதியில்லாத ஏழாயிரத்தை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு தாயின் கணக்கு இருக்கிறது. அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போவதால் உதவித்தொகை நிற்காது, அந்தத் தொகை குறைபாட்டின் செலவுக்கு என்று அரசு எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஊர் ஊராக அறிவிக்கவும் வேண்டும்.

வேலையில் சேர்ந்த மறுநாள் பக்கத்தில் நிற்க வேண்டிய அந்த ஒரு ஆளுக்கு என்ன செலவாகும் என்று நானே போட்ட கணக்கைச் சொல்கிறேன். ஒரு பயிற்றுநருக்கு மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம். ஒருவர் ஓராண்டில் பத்துப் பேரை வேலையில் நிலைநிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மாதம் நாள் முழுவதும், அடுத்து வாரம் இரண்டு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று குறைந்துகொண்டே போகும். ஒரு பிள்ளைக்கு முப்பதாயிரம். பயிற்சி வகுப்புக்கும் முகாமுக்கும் நாம் செலவழிப்பதை ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை. ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது. பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப்பணித் துறை இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் இருக்கிறது. களப்பணிக்கு வரும் மாணவர்கள் பள்ளியில் கோப்பு எழுதிக்கொண்டு உட்காராமல், துவாக்குடிப் பட்டறையிலும் திருவரங்கத்து மெஸ்ஸிலும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் நிற்கட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனுதவியோடு உரிமைகள் திட்டம் தமிழ்நாட்டில் நடக்கிறது, விழுதுகள் என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அதன்கீழ்த் திறக்கப்படுகின்றன. வேலைவாய்ப்பு முகாம் நடந்தால் எத்தனை பேருக்கு ஆணை வழங்கப்பட்டது என்று மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. அந்த எண்ணோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆறாம் மாதம் எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள், பன்னிரண்டாம் மாதம் எத்தனை பேர், நின்றவர்கள் ஏன் நின்றார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காத எண்ணுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. இங்கே இருக்கும் பெற்றோர்கள் வரும் திங்கட்கிழமை தனித்தனியாக உதவி கேட்டு மனு எழுதாமல், ஒன்றாகச் சேர்ந்து ஒரே மனு கொடுங்கள். சென்ற முகாமில் ஆணை பெற்றவர்களில் இன்றைக்கு வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் அதில் கேளுங்கள். மனு எழுத நான் வருகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் பின்வரிசையில் இருப்பேன், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.